நிட்டேவோவும் யவனர் வனதேவதைகளும்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருவழி அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், வினாயகபுரம் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு பொத்துவிலை அடைந்து, அப்பாலும் நீண்டு பாணமையைச் சேர்கின்றது. ஒரு மருங்கில் கடல். மறு மருங்கில் வயல் வட்டைகள். அவற்றுக்கும் அப்பால் காடு. வடக்கே ஊர்கள் நெருங்கியிருக்கக் காடு விலகி நிற்கும். தெற்கே செல்லச் செல்ல ஊர்கள் அருகக் காடு நெருங்கி வரும். காடு நெருங்க நெருங்க, அதைப் பற்றிய கதைகளும் பெருகுவது இயல்பே.

வேளாண்மைக் காலத்தில் இரவுக் காவலுக்குப் பரணில் ஏறியவர் கேட்ட ஒலிகளும் கண்ட நிழல்களும் பலவாகும். அவற்றுக்கு அவரவர் மரபுக்கேற்பப் பெயர்கள் அமைந்தன. தமிழர் வனதேவதை என்றும் காட்டேறி என்றும் கூறினர். முஸ்லிம்கள் ஜின் என்றனர். இவையெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத உலகைச் சேர்ந்தவை. ஆனால் பாணமைக்குத் தெற்கேயுள்ள காடுகளைப் பற்றி வழங்கும் ஒரு கதை இவற்றினின்றும் வேறுபட்டது. அதில் வருவது தேவதையுமன்று, பேயுமன்று. ஊனும் உதிரமும் உடையது. உண்டது, உறங்கியது, கூட்டமாய் வாழ்ந்தது, இறுதியில் மாண்டொழிந்தது என்று சொல்லப்படுவது. அதன் பெயர் நிட்டேவோ.

நிட்டேவோ மனிதனா, விலங்கா? இவ்வினா எழுந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இது வெறும் வேடிக்கை வினாவன்று என்பது கதையின் முடிவைக் கேட்டோர்க்கு விளங்கும். ஆதலின் முதலிற் கதையைக் காண்போம்.

இச்செய்தியை விரிவாக அச்சில் ஏற்றியவர் ஹியூ நெவில் என்னும் ஆங்கிலேயர். இவர் இலங்கைக் குடியியற் சேவையிற் பணியாற்றியவர். ‘தப்ரபேனியன்’ என்னும் ஆய்வேட்டை நடத்தியவர். ஊரூராகச் சென்று ஓலைச்சுவடிகளைத் திரட்டியவர். அச்சுவடிகள் இன்றும் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்திற் பேணப்படுகின்றன. 1886இல் தமது ஏட்டில் அவர் நிட்டேவோ பற்றி எழுதினார். அவர் அவற்றைக் கண்டவரல்லர். வேடர் வழிவந்த கதையை ஒரு வேட்டைக்காரர் வாயிலாகக் கேட்டே எழுதினார். பின்னர், 1914இல், பிரெடெரிக் லூயிஸ் என்பவர் கிழக்கு ஊவாவிலும் தெற்குப் பாணமைப்பற்றிலும் தாம் செய்த பயணம் பற்றிய குறிப்புகளில், பெரும்பாலும் அதே செய்தியைத் தாம் அப்பகுதியிற் கேட்டதாகப் பதிவு செய்தார். அக்காலத்தில் இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1961இலேயே அம்பாறை தனி மாவட்டமாயிற்று.

இவ்விரு பதிவுகளையும் சேர்த்து நோக்குமிடத்துக் கிடைக்கும் உருவம் பின்வருமாறு: நிட்டேவோ மூன்று அல்லது நான்கு அடி உயரமுடையது, பெண் அதனினும் சற்றுக் குறுகியது. நிமிர்ந்து நடக்கும். வால் இல்லை. உடலில் மயிர் அடர்ந்திருக்கும். அது செம்மை கலந்த நிறம். கைகள் குட்டையானவை, விரல்களில் பறவை நகம் போன்ற கூரிய நகங்கள் உண்டு. பாறைக் குகைகளிலும் மரக்கிளைகளிலும் கூட்டங்கூட்டமாக வாழும். முயல், அணில், ஆமை முதலியவற்றைப் பிடித்து நகத்தாற் கிழித்துண்ணும். அவற்றின் பேச்சு பறவைகளின் கீச்சொலியை ஒத்தது; வேடருள் மிகச் சிலரே அதனை அறிந்திருந்தனர்.

வேடர்க்கும் இவற்றுக்கும் தீராப் பகை. வேடர் உலர்த்திய இறைச்சியை இவை கவர்ந்தன. உறங்குவோரை நகத்தாற் கிழித்தன. வேடர் வில்லெடுத்து வேட்டையாடினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவில், எஞ்சியிருந்த நிட்டேவோக்களை லேனமை வேடர் ஒரு குகைக்குள் அடைத்தனர். வாயிலிற் சருகும் விறகும் குவித்துத் தீமூட்டினர். அத்தீ மூன்று நாள் எரிந்ததாம். உள்ளிருந்தவை புகையால் மூச்சடங்கி மாண்டன. அத்துடன் அவ்வினம் அற்றுப்போயிற்று.

இங்கேதான் வினாவின் கனம் தெரிகின்றது. நிட்டேவோ விலங்காயின், இது தொல்லை தந்த ஒரு விலங்கினம் வேட்டையாடி ஒழிக்கப்பட்ட செய்தி. மனிதராயின், இது ஒரு மக்கட் கூட்டம் பெண்டு பிள்ளைகளுடன் பூண்டோடு எரித்தொழிக்கப்பட்ட செய்தி. ஒரே கதை, பெயர் மாறினால் பொருள் முற்றும் மாறிவிடுகிறது.

இக்கதையைப் படித்த ஐரோப்பியக் கல்வியாளர்க்கு யவனர், அதாவது பழைய கிரேக்கர், கூறிய வனதேவதைகள் நினைவுக்கு வருதல் இயல்பு. யவனர் இயற்கையின் ஒவ்வொரு கூற்றிலும் ஒரு தெய்வத்தைக் கண்டவர். ஊற்றிலும் மரத்திலும் நிம்ப் எனப்படும் அணங்குகள் உறைந்தனர். கடலில் நெரீயஸ் என்னும் முதிய கடற்றெய்வத்தின் புதல்வியர் வாழ்ந்தனர். ஆர்க்கேடிய மலைகளில் ஆட்டுக் காலும் கொம்பும் உடைய பான் என்னும் இடையர் தெய்வம் திரிந்தது. நடுப்பகலில் அதன் உறக்கத்தைக் கலைத்தவர் காரணமறியாத அச்சத்துக்கு ஆளாவர் என நம்பினர். திடீர்ப் பீதியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பானின் பெயரினின்றே பிறந்தன. மதுவின் கடவுளாகிய தயோனிசஸைச் சூழ்ந்து சற்றிர் என்னும் கூட்டம் ஆடிப்பாடித் திரிந்தது. சற்றிருக்கு மனித உடல்; குதிரையின் வாலும் காதும்; அடங்காக் காட்டு இயல்பு. சற்றிர்களுள் முதியவன் சைலீனஸ் என்பான்.

இத்தெய்வங்கள் கோயிலோடும் நாடக மேடையோடும் நின்றுவிடவில்லை. தூர நாடுகளுக்குச் சென்ற மாலுமிகளும், அவர்கள் வாய்மொழியைக் கேட்டு நூலெழுதியவர்களும், முன்பின் அறியாத உயிரினத்தைக் கண்டபோதெல்லாம் இத்தெய்வங்களின் பெயரையே அளவுகோலாகக் கொண்டனர். பௌசேனியஸ் என்னும் கிரேக்கப் பயணி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஒரு மாலுமியின் கதையைக் குறித்து வைத்தார். புயலால் அலைப்புண்ட அம்மாலுமி, செம்மயிரும் குதிரை வால் போன்ற வாலும் உடைய காட்டு மனிதர் வாழும் தீவுகளைக் கண்டானாம். கப்பலோட்டிகள் அவற்றைச் சற்றிர்த் தீவுகள் என்றனராம். அதே நூற்றாண்டினரான புவியியலாளர் தொலமியும், கிழக்குக் கடலில் மூன்று சற்றிர்த் தீவுகளைக் குறிப்பிட்டார். உரோமரான பிளினி, இந்தியாவின் கிழக்கு மலைகளில் சற்றிர்கள் உள்ளன என்றார். அவை சிலவேளை நான்கு காலாலும் சிலவேளை நிமிர்ந்தும் ஓடும், மனிதச் சாயலுடையவை, விரைவு மிகுதியால் கிழடும் நோயுற்றவையுமே பிடிபடும் என்பது அவர் தந்த செய்தி. ஈலியன் என்பவர், மலைச்சரிவில் நின்று தம்மைத் துரத்துவோர் மீது கல்லை உருட்டும் சற்றிர் போன்ற விலங்குகளைப் பற்றி எழுதினார். அவரே தப்ரபேன் எனப்பட்ட நம் இலங்கையைச் சூழ்ந்த கடலில் சற்றிர் முகமுடைய உயிர்களும், கூந்தலுக்குப் பதில் முள்ளையுடைய பெண்முக உயிர்களும் உள்ளன என்றும் குறித்தார்.

நான்கு காலாலும் இரு காலாலும் செல்லும், மரமேறும், எட்டிப் பிடிக்க முடியாத விரைவுடைய, மனிதச் சாயல் கொண்ட இந்திய விலங்கு எது என்று ஒரு நாட்டுப்புறச் சிறுவனைக் கேட்டால், குரங்கு என்று தயங்காது விடை கூறுவான். குரங்கை அதிகம் அறியாத நாட்டிலிருந்து வந்தவன் அதனைத் தன் நாட்டுத் தெய்வத்தின் சாயலாகக் கண்டான். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அறியாததை அறிந்ததோடு ஒப்பிட்டே மனித மனம் அறியத் தொடங்குகின்றது. ஒப்பீடு தொடக்கமாக நின்றால் நன்று. அதுவே முடிவாகிவிட்டால் தீங்கு.

இவ்வழக்கம் பழங்காலத்தோடு மறையவில்லை. ஓவியர் ரெம்பிராண்டின் புகழ்பெற்ற 1632ஆம் ஆண்டு ஓவியத்தில் உடற்கூறு கற்பிப்பவராகக் காட்சி தரும் ஒல்லாந்து மருத்துவர் துல்ப், 1641இல் ஒரு வாலில்லாக் குரங்கை வருணித்தார். அது ஆபிரிக்காவின் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அவர் அதற்கு இட்ட பெயரோ இந்தியச் சற்றிர்! ஆபிரிக்க விலங்குக்கு இந்திய நாட்டையும் கிரேக்கத் தெய்வத்தையும் ஒருங்கே ஒட்டினார்.

துல்புக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து, இலண்டன் மருத்துவரான எட்வர்ட் டைசன் வேறு வழியிற் சென்றார். அங்கோலாவிலிருந்து வந்து இறந்த ஓர் இளஞ் சிம்பன்சியை அவர் 1698இல் அறுத்து ஆராய்ந்தார். வெறும் தோற்றத்தைக் கொண்டு பெயரிடாமல், எலும்பு, தசை, மூளை, குடல் என ஒவ்வோர் உறுப்பாக மனிதனோடும் குரங்கோடும் ஒப்புநோக்கினார். 48 கூறுகளில் அது மனிதனை நெருங்குவதாகவும், 34 கூறுகளிற் குரங்கை நெருங்குவதாகவும் பட்டியலிட்டார். 1699இல் வெளியான அந்நூலின் பிற்பகுதியில், பழையோர் கூறிய குள்ளர், நாய்த்தலையர், சற்றிர் அனைவரும் குரங்கினமேயன்றி மனிதரல்லர் என வாதிட்டார். அவர் முடிவு முழுமையும் சரியென்று கொள்ளவேண்டியதில்லை. குள்ளரான மக்கள் உலகில் உண்மையாகவே உளர். ஆனால் அவர் வகுத்த முறை சரி. தெய்வத்தின் பெயரை ஒதுக்கி வைத்து, உடலின் கூறுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டார்.

அறிவியல் அப்பெயர்களை முற்றாகக் கைவிடவுமில்லை. லின்னேயஸ் 1758இல் உராங்குட்டானைக் குறிக்கச் சற்றிரின் பெயரை ஆண்டார். சிம்பன்சியின் பேரினப் பெயர் இன்றும் பான் என்பதே. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் சிங்கவால் குரங்கின் சிற்றினப் பெயர் சைலீனஸ். அம்பாறைக் காடுகளில் மரக்கிளையில் வாலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் சாம்பல் நிற மந்தியும் இதற்கு விலக்கன்று. அதன் அறிவியற் பெயரில் திரோய் நகர மன்னன் பிரியாமும், அந்நகரை முற்றுகையிட்ட யவனப் படையிலிருந்த அழகற்ற வீரன் தெர்சிட்டீஸும் அருகருகே அமர்ந்துள்ளனர். பரணிலிருந்து மந்தியை விரட்டும் உழவன் யவனக் காவியத்தின் இரு பாத்திரங்களை ஒருங்கே விரட்டுகின்றான் எனலாம்.

தெய்வப் பெயரில் தொடங்கிய ஒப்பீடு உண்மையில் முடிந்த ஓர் எடுத்துக்காட்டு நம் கடலிலேயே உண்டு. ஈலியன் கூறிய பெண்முகக் கடலுயிர் வெறும் கற்பனையாகவே பலர்க்குத் தோன்றியது. மன்னார்க் கடலில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவை அறிந்தவர் அதன் அடிப்படையை ஊகித்தனர். அது மீனன்று, பாலூட்டி. தாயின் மார்பில் இரு முலைகள் உண்டு. மூச்சுவிட நீருக்கு மேலே தலையுயர்த்தும். இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலிற் கடற்கன்னிக் கதைகளை ஆவுளியாவோடு தொடர்புபடுத்தினார். அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, 1811இல், இவ்விலங்குகளின் வரிசைக்கு யவனப் புராணத்துச் சைரன் என்னும் கடல் அணங்கின் பெயர் சூட்டப்பட்டிருந்தது.

ஆவுளியா விடயத்தில் ஒப்பீடு வென்றது ஏன்? உயிரினம் கையில் இருந்தது. வலையில் வீழ்ந்தது, அளக்கப்பட்டது, அறுக்கப்பட்டது. இன்னதென்று அறிந்ததால் அது குறைந்து வருவதையும் அறிய முடிந்தது. 2022இல் தமிழ்நாட்டரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆவுளியாவின் காப்பகமாக அறிவித்தது. கடற்கன்னிக்குக் காப்பகம் அமைப்பார் எவருமில்லர், கடற்பசுவுக்கு அமைக்கலாம். ஓர் உயிரைச் சரியாக இனங்காண்பது அதனைக் காப்பதற்கு முதற்படி.

இனி அதே முறையை நிட்டேவோவுக்குப் பொருத்திப் பார்ப்போம். முதலில் மந்தி. கூட்டமாக வாழும், மரத்திலும் பாறையிலும் தங்கும். ஆனால் அதன் நிறம் சாம்பல். வாலோ உடலினும் நீண்டது. உணவு இலையும் காயும் பழமும். வாலில்லை என்று கதை திட்டமாகக் கூறுவதால் மந்தி நீங்குகின்றது. இலங்கைக்கே உரிய செங்குரங்கின் மயிர் செம்மை கலந்தது. எனினும் அதுவும் நெடுவால் உடையது. மேலும் வேடர் இவ்விரண்டையும் நாள்தோறும் கண்டு பழகியவர். அவற்றை வேறொன்றாக மயங்கியிரார்.

தேவாங்குக்கு வாலில்லை. அதன் உருவமும் பெரிய கண்ணும் சற்றே மனிதச் சாயலைக் காட்டும். ஆனால் அது கைக்குள் அடங்கும் சிற்றுயிர்; இரவிற் கிளை பற்றி மெல்ல ஊர்வது. வேடரின் வில்லுக்கு எதிர் நிற்கும் பகையன்று.

கிப்பன் என்னும் சிறு வாலில்லாக் குரங்கு நிமிர்ந்து நடக்க வல்லது. ஆயின் அது இலங்கையில் இல்லை. இந்தியாவிலும் வடகிழக்கு மூலையிலுள்ள காடுகளில் மட்டுமே உண்டு. அதன் கைகள் மிக நீண்டவை. நிட்டேவோவின் கையோ குட்டை.

கரடியைப் பலர் கூறுவர், காரணமும் உண்டு. பாணமைக் காடுகளிற் கரடி இன்றும் வாழ்கின்றது. வால் இருப்பதே புலப்படாது. பின்கால் ஊன்றி நிமிரும். முன்கால்களில் வளைந்த நீள்நகம் உண்டு. அதனால் முகத்தைக் கிழிக்கப்பட்டவர்களைக் காட்டோர ஊர்களில் அறிவர். அதன் பின்காற் சுவடு மனித அடிச்சுவட்டை ஒத்தது. பாறைக் குகையிற் குட்டி ஈனும். இத்தனையும் பொருந்துகின்றன. ஆயினும் கரடி கருநிறத்தது, கூட்டமாய் வாழாதது, கறையானும் தேனும் பாலைப்பழமும் அதன் விருப்புணவு. முயலைத் துரத்திப் பிடிப்பது அதன் இயல்பன்று. கீச்சொலியில் உரையாடுவதும் அதற்கில்லை.

எஞ்சுவது மனிதன், அல்லது மனிதனுக்கு அண்மையான ஓரினம். கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றுப் பேராசிரியராயிருந்தவரும் குரங்கினங்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவருமான ஒஸ்மன் ஹில், 1945இல் இவ்வினாவைத் தீராச் சிக்கல் என்ற பெயருடனேயே ஆராய்ந்தார். யாவாத் தீவில் 1891இல் டுபுவா கண்டெடுத்த ஆதிமனித வகையின் குறுகிய கிளையொன்று இலங்கையிற் பிற்காலம் வரை எஞ்சியிருந்திருக்கலாமோ என்பது அவர் எழுப்பிய ஐயம். அன்று அது துணிந்த கற்பனையாகத் தோன்றியது. 2003இல் இந்தோனேசியாவின் புளோறெஸ் தீவிலுள்ள ஒரு குகையில் ஏறத்தாழ மூன்றரை அடி உயரமுடைய மனித இனத்தின் எலும்புகள் கிடைத்தபோது, அவ்வையத்தை மீண்டும் நினைத்தவர் உண்டு. தீவுகளில் மனித இனம் குறுகுவது நடவாத செயலன்று என்பதைப் புளோறெஸ் காட்டியது. ஆனால் அவ்வெலும்புகள் 60,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. கதையிற் கூறும் நிட்டேவோவின் முடிவோ சில தலைமுறைக்கு முந்தியது. இலங்கையிலும் குகைகள் பல அகழப்பட்டுள்ளன. பாகியங்கலை முதலிய இடங்களில் ஏறத்தாழ 48,000 ஆண்டு வரை பழமையான மனிதத் தடயங்கள் கிடைத்தன. அவையனைத்தும் நம்மினத்தாரான மனிதர்க்குரியவை. நிட்டேவோவுக்குரியது என்று உறுதிப்பட்ட எலும்பு ஒன்றேனும் இல்லை.

ஆகவே எவ்வுயிரும் முழுமையாகப் பொருந்தவில்லை. நகம் கரடியுடையது. செம்மயிர் செங்குரங்கினுடையது. கூட்ட வாழ்வும் மரக்கிளை உறைவிடமும் குரங்கினுடையவை. நிமிர்ந்த நடையும் பேச்சும் மனிதனுடையவை. இங்கேதான் சற்றிர் உண்மையில் நமக்கு உதவுகின்றது. சற்றிரின் உடல் மனிதனுடையது, வாலும் காதும் குதிரையினுடையவை. பானின் காலும் கொம்பும் ஆட்டினுடையவை. அவை ஓருயிரைக் கண்டு வரைந்தவை அல்ல. பல உயிர்களின் உறுப்புகளைக் கொண்டு ஒட்டியவை. நிட்டேவோ சற்றிரை ஒத்திருப்பது இரண்டும் ஒரே உயிர் என்பதாலன்று. இரண்டும் ஒரே வகையில் உருவானவை என்பதால். காட்டின் அச்சம் கரடியின் நகத்தையும், குரங்கின் மயிரையும், அயலானின் உருவத்தையும் ஒன்றாய்த் தைத்துவிடுகின்றது.

அவ்வாறாயின் நிட்டேவோ வெறும் கற்பனை என்று தள்ளிவிடலாமா? தள்ளுமுன் ஒட்டப்பட்ட உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். பகைவனுக்கு நகமும் பல்லும் கொடுப்பது உலக வழக்கு. விசயன் வருகைக்கு முன் இத்தீவில் இயக்கர் வாழ்ந்தனர் என மகாவமிசம் கூறும். அவ்வியக்கர் பேயுருவினராய்ப் பேசப்பட்ட பழங்குடி மக்களே எனக் கருதும் ஆய்வாளர் பலர். நிட்டேவோவை விலங்கெனக் கூறிய வேடரையே, 1681இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ் காட்டு மனிதர் என்றார். நகத்தைக் கழற்றலாம், மயிரைக் கழற்றலாம், இவை அச்சத்தின் கொடையாக இருக்கலாம். கழற்ற முடியாதது ஒன்றுண்டு. அது பேச்சு.

அவர்களின் பேச்சு கீச்சொலி போன்றது என்று மட்டும் கூறிக் கதை நிறுத்தியிருந்தால், அதனைக் குரங்கின் ஒலி எனக் கொள்ளலாம். ஆனால் வேடருட் சிலர் அதனை அறிந்திருந்தனர் என்றும் கதை கூறுகின்றது. கரடியின் மொழியைக் கற்றவர் இல்லை. அறியாத மொழி யாவும் செவிக்குக் கீச்சொலியே. யவனர் தம் மொழி பேசாதோரின் பேச்சைப் பொருளற்ற ஒலியாகக் கேட்டு, அவ்வொலியைக் கொண்டே அவர்களுக்கு ‘பார்பரோய்’ என்று பெயரிட்டனர். அப்பெயரே பின்னர் நாகரிகமற்றவர் என்னும் பொருளை ஏற்றது. ஒரு மொழியைச் சிலர் அறிந்திருந்தனர் என்றால், பகைக்கு முன் அங்கே பழக்கமும் இருந்தது என்பது பொருள்.

பெயர் எத்துணைக் கொடிது செய்யும் என்பதற்குக் கார்த்தேஜ் நகரத்து மாலுமி ஹன்னோவின் பயணக் குறிப்புச் சான்று. கிறித்துவுக்குப் பல நூற்றாண்டு முன்னர் ஆபிரிக்கக் கரையோரமாய்ச் சென்ற அவர், மயிரடர்ந்த காட்டு மனிதரைக் கண்டதாகவும், பெண்கள் மூவரைப் பிடித்துக் கொன்று தோலை உரித்து ஊருக்குக் கொண்டுசென்றதாகவும் எழுதினார். மொழிபெயர்ப்பாளர் அவர்களைக் கொரில்லாய் என்றனராம். அச்சொல்லையே 1847இல் சவேஜ் என்பார் ஒரு பெரிய ஆபிரிக்கக் குரங்குக்கு இட்டார். ஹன்னோ கொன்றது குரங்கையா, பெண்களையா? அவரே மனிதர் என்று நினைத்துக்கொண்டுதான் தோலை உரித்தார் என்பதே திடுக்கிடச் செய்வது.

இதற்கு மறுதலையான காட்சி ஒன்றைத் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலை தருகின்றது. கலங் கவிழ்ந்து கரையொதுங்கிய சாதுவன் என்னும் வணிகனை ஆடையற்ற நாகர் பிடித்துக்கொள்கின்றனர். அவர் மனித ஊனுண்போர். அவர்களின் தலைவன் தன் துணைவியோடு அமர்ந்திருந்த காட்சியைப் புலவர் கரடி தன் பெண்ணோடு இருந்ததற்கு உவமை கூறுகின்றார். அங்கும் அதே கரடி! ஆனால் சாதுவன் நாகர் மொழி அறிந்தவன். அவன் வாய் திறந்து அவர்கள் மொழியிற் பேசிய கணத்திற் கதை திசை மாறுகின்றது. தின்ன வந்தவர் விருந்து தருகின்றனர். தலைவன் கேள்வி கேட்கின்றான். வினையும் மறுபிறப்பும் பற்றி உரையாடல் நிகழ்கின்றது. கண்ணுக்குக் கரடியாயிருந்தவன் செவிக்கு மனிதனாகிவிட்டான்.

இவ்விரு காட்சிகளுக்கும் இடையே நிற்கின்றது பாணமைக் காட்டின் அக்குகை. அதனுள் மாண்டவை எவை என்பதை எலும்பு ஒன்று கிடைத்தாலன்றி உடற்கூற்று அறிவால் முடிவு செய்தல் இயலாது. சற்றிர் என்றோ கரடி என்றோ ஆதிமனிதன் என்றோ அவசரமாய்ப் பெயரிடுவது விடையாகாது. ஆயினும் கதை தானே தந்த சான்றுகளுள் மிக வலியது அப்பேச்சுத்தான். அது அவர்களை மனிதர் பக்கமே சாய்க்கின்றது. ஆதலின் அம்மூன்று நாள் நெருப்பை ஒரு வேட்டைக் கதையாக நகைத்துக் கூறுதல் தகாது.

காட்டோர ஊர்களில் இன்றும் சிறுவர் நிட்டேவோ எப்படியிருக்கும் என்று கேட்பர். உயரம், மயிர், நகம் என்று சொல்லிக்கொண்டு போவது எளிது. அவற்றோடு, அவை என்ன பேசின என்றும், அதனை அறிந்திருந்த அச்சிலர் ஏன் குகை வாயிலிற் பேசவில்லை என்றும் சேர்த்துக் கேட்கப் பழக்குதல் நன்று. அறியாத ஒன்றை இனங்காண விரும்புவோர் கண்ணை நம்புமுன் செவியைத் திறந்து வைத்தல் வேண்டும்.